மெதுவாக வளரும் ரத்தப் புற்று ஏன் அடியோடு போவதில்லை? அப்பாவுக்கு சி.எல்.எல்.

செங்காந்தள்
செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் கண்புரை அறுவைக்காக ரத்தம் கொடுத்தபோது வெள்ளையணு 38,000 என்று வந்தது. மேற்கொண்டு சோதித்துவிட்டு சி.எல்.எல். என்றார்கள், நாள்பட்ட ரத்தப் புற்றில் ஒரு வகை. "இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். புற்று என்று சொல்லிவிட்டு மருந்தும் வேண்டாம் என்றால் வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? ஆனாலும் அவர் நன்றாகத்தான் இருந்தார். வயலுக்குப் போனார், வரப்பு வெட்டினார்.

இந்த ஆடியில் கழுத்திலும் அக்குளிலும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள். ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கிவிட்டது. வெள்ளையணு 1,46,000. அடுத்த வாரம் வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை தொடங்குகிறார்கள். முதல் வாரம் தினம் 20 மில்லிகிராம், அடுத்த வாரம் 50, பிறகு 100, 200, ஐந்தாவது வாரம் 400. அதன்பிறகு ஊசி மருந்து ஒன்றும் சேருமாம். முதல் இரண்டு வாரமும் அளவு தொடங்கும் நாளில் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும்.

எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை. எதிர்வீட்டுப் பையனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் நிணநீர்ப் புற்று வந்தது. ஒரே மாதத்தில் எலுமிச்சை அளவுக் கட்டி தேங்காய் அளவுக்குப் போனது. ஆறு சுற்று கீமோ கொடுத்தார்கள். இன்று வேலைக்குப் போகிறான், நோயின் சுவடே இல்லை என்கிறார்கள். அப்பாவுக்கு வந்திருப்பது மெதுவாக வளர்வது. அதைக் "கட்டுக்குள் வைக்கலாம்" என்று மட்டும்தான் டாக்டர் சொல்கிறார். வேகமானது போய்விட்டது, மெதுவானது போகாதா?

இரண்டாவது, 400தான் சரியான அளவு என்றால் முதல் நாளே ஏன் கொடுக்கக் கூடாது? "இழுத்தடிக்கிறார்கள்" என்று அப்பா கோபப்படுகிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.


நுண்ணோக்கி
செவ்வாய், இரவு 10:25

தங்கச்சி, நான் 22 வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவம் சொல்ல மாட்டேன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் இழுத்துப் பூசுவோம். சாயம் ஏற்றி எண்ணெய் லென்ஸில் பார்த்தால், சி.எல்.எல்.லில் சின்னச் சின்ன லிம்போசைட்டுகள் (வெள்ளையணுவில் ஒரு வகை), எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. நடுநடுவே நசுங்கிய செல்கள், விரலால் தேய்த்துவிட்ட குங்குமப் பொட்டு போல. ஸ்மட்ஜ் செல் என்போம். பூசுகிற இழுப்பில் உடைந்தவை அவை. ரொம்ப அதிகமாக இருந்தால் ரத்தத்தில் ஆல்புமின் கலந்து மறுபடி பூசுவோம், அப்போது உடையாமல் நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது பெரிய ஆச்சரியம். கண்ணாடியில் ஓர் இழுப்பைத் தாங்காத செல், உடம்புக்குள் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கிறது. தீவிர வகை ரத்தப் புற்றில் பார்த்தால் பெரிய பெரிய இளம் செல்கள், முதிராமலே வெளியே வந்தவை. சி.எல்.எல்.லில் அப்படி இல்லை. முதிர்ந்த செல்கள்தான், பார்வைக்குச் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அப்போது எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒருவர், "இது பிறந்து குவிந்த கூட்டம் இல்லப்பா, சாகாமல் சேர்ந்த கூட்டம்" என்றார். உங்கள் முதல் கேள்விக்கான விடை அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். படித்தவர்கள் விவரமாகச் சொல்வார்கள்.


கேள்விக்குறி
செவ்வாய், இரவு 11:02

நான் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். புற்று என்றால் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது என்றுதான் படித்திருக்கிறோம். வெனிடோகிளாக்ஸ் தடுப்பது பி.சி.எல்-2 என்ற புரதத்தை. அது செல்லைப் பெருக வைக்கிற புற்று மரபணுவிலிருந்து வருவது. பெருக்கத்தை நிறுத்தினால் நோய் நிற்கும். சாகாமல் சேர்ந்த கூட்டம் என்பது சரியாகப்படவில்லை அண்ணா.


குறிஞ்சி
புதன், காலை 6:50

தம்பி, நீங்கள் தவறிய அதே இடத்தில் அந்தக் காலத்துப் பெரிய ஆய்வாளர்களும் தவறினார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் செல் உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறேன், செல் சாவுதான் என் பாடம்.

1984-ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் யோஷிஹிதே சுஜிமோட்டோவும் கார்லோ குரோச்சேவும் ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றை ஆராய்ந்தார்கள். அந்தச் செல்களில் 18-வது குரோமோசோமின் ஒரு துண்டு முறிந்து 14-வதில் ஒட்டியிருக்கும். முறிந்த இடத்தில் இருந்த மரபணுவுக்குத்தான் பி.சி.எல்-2 என்று பேர். 14-வதில் அது போய் ஒட்டிய இடம், எதிர்ப்புப் புரதம் தயாரிக்க ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் மரபணுவின் பக்கத்து இடம். அதனால் பி.சி.எல்-2-வும் ஓயாமல் ஓட ஆரம்பித்தது. அதுவரை தெரிந்த புற்று மரபணுக்கள் எல்லாம் செல்லைப் பெருக்குபவை. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1988-ல் மெல்போர்னில் வால்டர் அண்டு எலிசா ஹால் ஆய்வு நிலையத்தில் டேவிட் வாக்ஸ் என்ற மாணவர், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோருடன் ஒரு சோதனை செய்தார். ஒருவகை ரத்தச் செல்களை வளர்க்க ஐ.எல்-3 என்ற வளர்ச்சிப் பொருள் ஊட்ட வேண்டும். அதை நிறுத்தினால் சாதாரணச் செல்கள் சில நாளில் செத்துவிடும். பி.சி.எல்-2 ஏற்றிய செல்கள் சாகவில்லை. பெருகவும் இல்லை. தீனி இல்லாமல் சும்மா கிடந்தன, மறுபடி ஐ.எல்-3 கொடுத்ததும் பெருகத் தொடங்கின. புற்றுக்குப் பெருக்கம் ஒரு வழி, சாவை மறுப்பது இன்னொரு வழி என்பது அன்றைக்குத்தான் உறுதிப்பட்டது. நுண்ணோக்கி அண்ணனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ரொம்பச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு திருத்தம் மட்டும். சி.எல்.எல். செல்கள் பெருகவே பெருகாது என்று எண்ண வேண்டாம். புதிதாகப் பிறந்த செல்களை அடையாளம் காட்டும் கனநீரை (எடை கூடிய ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்) நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். நிணநீர்க் கணுக்களில் பிறப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு நூற்றில் ஒன்று என்ற அளவிலோ அதற்குக் கீழோ. சாவு நின்றுபோனதால் அந்தச் சிறு பிறப்பே வருஷங்களில் லட்சக்கணக்காகத் தேங்குகிறது.

செங்காந்தள், அப்பாவின் குரோமோசோம் சோதனையில் என்ன எழுதியிருக்கிறது?


செங்காந்தள்
புதன், காலை 8:15

அறிக்கை கையில்தான் இருக்கிறது. 13-வது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை என்று போட்டிருக்கிறது. 17-ல் குறை இல்லை. 13-ல் இல்லாமல் போனது பெரிய ஆபத்தா? இதைப் படித்ததிலிருந்து வயிற்றைப் பிசைகிறது.


குறிஞ்சி
புதன், காலை 8:50

பயப்படாதீர்கள். சி.எல்.எல். நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் அந்தத் துண்டு இருக்காது. அது மட்டும் குறையாக இருப்பவர்களுக்கு நோய் பொதுவாக மெதுவாகவே போகும்.

நம் பேச்சுக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது. போன துண்டில் இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்கள் இருந்தன. பி.சி.எல்-2 அளவுக்கு மீறி உருவாகாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலைகளில் ஒன்று. அவை போனதும் பி.சி.எல்-2 கூடுகிறது. ஃபாலிகுலர் லிம்போமாவில் துண்டு இடம் மாறிச் செய்த காரியத்தை, இங்கே துண்டு காணாமல் போய்ச் செய்கிறது. இந்த மாத்திரை உங்கள் அப்பாவுக்கு ஏற்றது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அந்தச் சாவு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நம் உடம்பில் தினமும் கோடானுகோடி செல்கள் ஒழுங்காகச் சாகின்றன. கருவில் கைவிரல்கள் பிரிவதே இடையில் இருந்த சவ்வுச் செல்கள் சாவதால்தான். 1972-ல் ஸ்காட்லாந்தில் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கர்ரி மூவரும் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பேர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல், ஒரு கிரேக்கப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கியது.

நான் இதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தட்டில் ஒட்டிப் பரந்திருக்கும் செல் முதலில் பிடியை விட்டுச் சுருங்கி உருண்டையாகும். அப்புறம் மேற்பரப்பெல்லாம் கொப்புளம் கிளம்பும், அடுப்பில் கூழ் கொதிக்கும்போது வருமே, அந்த மாதிரி. உள்ளே கரு துண்டு துண்டாகும். கடைசியில் செல் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரிந்துவிடும். உடம்புக்குள் என்றால் பக்கத்துச் செல்களும் விழுங்கிச் செல்களும் அவற்றை உடனே தின்றுவிடும். வீக்கம் கிடையாது, சீழ் கிடையாது.

இதைத் தொடங்கி வைப்பவை பிம் போன்ற தூதுப் புரதங்கள். செல்லுக்குப் பெரிய சேதம் வந்தால் அவை கூடும். பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்களை அவை உசுப்பிவிடும். அந்த இரண்டும் செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும். உள்ளிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும். அது வெளியே வந்தால் காஸ்பேஸ் என்ற வெட்டுக்கத்திகள் விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு திரும்பி வருவது அரிது.

பி.சி.எல்-2 என்ன செய்கிறது? பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழியை அடைப்பது போல, பிம்மைப் பிடித்து அடைத்து வைத்துக்கொள்கிறது. சி.எல்.எல். செல்லில் பஞ்சாரங்கள் நிறைய, ஒவ்வொன்றின் அடியிலும் கோழி. அதாவது அந்தச் செல்லுக்குள் சாவதற்கான சமாச்சாரம் எல்லாம் தயாராகவே இருக்கிறது, அவிழ்த்துவிடத்தான் ஆள் இல்லை. பிம் உட்காரும் பள்ளத்தில் வெனிடோகிளாக்ஸ் போய் உட்கார்ந்துகொள்கிறது. பஞ்சாரம் தூக்கியதும் கோழி வெளியே ஓடுகிறது.


மருந்தறை
புதன், பகல் 1:30

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். புற்றுநோய்ப் பிரிவில் மருந்து வழங்கும் வேலையில் இருக்கிறேன்.

அக்கா, குறிஞ்சி சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். செல்களுக்குள் எல்லாம் தயாராக இருக்கிறது. அப்படியானால் முழு அளவு மருந்து ஒரே நாளில் உள்ளே போனால் என்ன ஆகும்? லட்சக்கணக்கான கோடிச் செல்கள் சில மணி நேரத்துக்குள் சாகும். செத்த செல்லில் இருக்கும் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலமாக மாறும் கருப்பொருள் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் திணறி அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தவறும். டியூமர் லைசிஸ் என்பார்கள். இந்த மருந்தின் ஆரம்பச் சோதனைகளில் இது நடந்திருக்கிறது, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. மருந்து வேலை செய்யாததால் வந்த ஆபத்து இல்லை அது, அளவுக்கு மீறி வேலை செய்ததால் வந்தது. அதற்குப் பிறகுதான் 20-ல் தொடங்கி ஐந்து வாரம் ஏற்றுகிற முறை வந்தது.

அப்பா விவசாயி என்பதால் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கண்மாய் நிரம்பிக் கிடக்கும்போது மதகை ஒரேயடியாகத் திறந்தால் வாய்க்கால் உடையும், பயிரும் போகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தானே திறப்போம்? இங்கே வாய்க்கால் என்பது அவருடைய சிறுநீரகம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை: தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தினம் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், டாக்டர் வேறு அளவு சொல்லாவிட்டால். யூரிக் அமிலத்துக்கான மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதை விடக் கூடாது. வெனிடோகிளாக்ஸை வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பாட்டோடு, தினம் ஒரே நேரத்தில். அளவு ஏற்றும் நாளில் 6 முதல் 8 மணி நேரம் கழித்தும் மறுநாளும் ரத்தம் எடுப்பார்கள். "இப்பத்தானே எடுத்தாங்க" என்று அப்பா அலுத்துக்கொள்வார், விட்டுக்கொடுக்காதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, படபடப்பு வந்தாலோ, தசை இழுத்துக்கொண்டாலோ காலை வரை காத்திருக்காமல் கூப்பிட வேண்டும்.


பனங்காடு
புதன், மாலை 5:10

அம்மா, உன் அப்பாவை விட எனக்கு இரண்டு வயது கூட. நல்லபடியாக ஆகட்டும். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் புற்றுச் செல்லைச் சாகடிக்கிறது என்று ஆராய்ச்சிகள் வந்திருக்கின்றன. பி.சி.எல்-2-வையும் குறைக்கிறதாம். மாத்திரையோடு மஞ்சள் கேப்சூலும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?


குறிஞ்சி
புதன், மாலை 6:40

ஐயா, நீங்கள் படித்தது பொய் இல்லை. ஆய்வகத் தட்டில் குர்க்குமின் ஊற்றினால் செல்கள் சாகத்தான் செய்கின்றன, நானே பார்த்திருக்கிறேன். வாய்வழியாகச் சாப்பிட்டால் அதில் மிகச் சொற்பம்தான் ரத்தத்துக்குப் போகிறது, போனதும் சீக்கிரம் கழிந்துவிடுகிறது. தட்டில் நாங்கள் ஊற்றும் அளவு ரத்தத்தில் சேர்வதே இல்லை. தட்டில் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நல்ல செல்லை விட்டுவிட்டு நோய்ச் செல்லை மட்டும் கொல்லுமா, உடம்புக்குள் அங்கே போய்ச் சேருமா என்ற இரண்டு கேள்வியில்தான் அவற்றில் பெரும்பாலானவை விழுந்துவிடுகின்றன.

குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடை ஏதும் இல்லை. கேப்சூல் வேறு. மிளகுச் சத்தும் சேர்த்து வரும் கேப்சூல்கள் உண்டு, அது மற்ற மருந்துகள் ஈரலில் உடைகிற வேகத்தை மாற்றக்கூடும். வெனிடோகிளாக்ஸ் அளவு ரத்தத்தில் தானாக ஏறிவிட்டால், மருந்தறை சொன்ன மதகு கதைதான். லேகியம், கஷாயம் எது கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.


பனங்காடு
புதன், இரவு 7:55

மிளகு விஷயம் எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி தாயி. கேப்சூல் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


கேள்விக்குறி
புதன், இரவு 9:30

அக்கா, 1988 சோதனையைத் தேடிப் படித்துவிட்டேன். நான்தான் தவறு. இப்போது அடுத்த சந்தேகம். சாவை மறுப்பதுதான் சிக்கல் என்றால் இந்த மாத்திரையை எல்லாப் புற்றுக்கும் கொடுக்கலாமே? எதிர்வீட்டுப் பையன் விஷயத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை.


குறிஞ்சி
புதன், இரவு 10:45

பையனிலிருந்து வருகிறேன். பழைய கீமோ மருந்துகள் பெரும்பாலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். சேதத்தோடு மருந்தின் வேலை முடிந்தது. "இனிமேல் பிழைத்துப் பயனில்லை, செத்துவிடு" என்ற முடிவை எடுப்பது செல்லேதான், பெரும்பாலும் பி53 என்ற புரதத்தின் வழியாக. வேகமாக வளரும் லிம்போமாவில் நிறையச் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும், பல நேரம் சாவின் விளிம்பிலும் நிற்கும். ஒரு தள்ளு போதும். குழந்தைகளின் தீவிர ரத்தப் புற்றும், விதைப்பைப் புற்றும் கீமோவில் அவ்வளவு நன்றாகக் குணமாவதற்கு இதுவும் காரணம். மெதுவாக வளரும் நோயில் பெரும்பாலான செல்கள் பிரிவதே இல்லை, மருந்து அவற்றைத் தொடுவதில்லை. தொட்டாலும் பி.சி.எல்-2 குறுக்கே நிற்கிறது. செங்காந்தள், உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. மெதுவானது என்பது உடனடி ஆபத்தைப் பொறுத்தவரை நல்ல செய்தி. அடியோடு அழிப்பதற்கு அதே குணம் தடையாக இருக்கிறது. அறிகுறி இல்லாத காலத்தில் முன்கூட்டியே மருந்து தொடங்கினால் ஆயுள் கூடுவதாகச் சோதனைகளிலும் தெரியவில்லை. அதனால்தான் நாலு வருஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அதனால் நஷ்டம் ஏதும் இல்லை.

17-வது குரோமோசோமில்தான் பி53 மரபணு இருக்கிறது. அந்தத் துண்டு போனவர்களுக்குக் கீமோ சரியாகவே எடுபடாது, முடிவெடுக்கும் ஆளே வீட்டில் இல்லை. வெனிடோகிளாக்ஸ் பி53-க்கு அப்பால், மைட்டோகாண்ட்ரியாவின் வாசலிலேயே வேலை செய்வதால் அவர்களுக்கும் பலித்தது. 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் முதல் அனுமதி அப்படிப்பட்ட நோயாளிகளுக்குத்தான் கிடைத்தது.

எல்லாப் புற்றுக்கும் ஏன் கொடுக்க முடியாது? பி.சி.எல்-2-க்குச் சகோதரப் புரதங்கள் உண்டு. பி.சி.எல்-எக்ஸ்.எல், எம்.சி.எல்-1 முக்கியமானவை. நுரையீரல், மார்பகம், குடல் புற்றுகள் பலவும் இவற்றைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. வெனிடோகிளாக்ஸுக்கு முன்னால் வந்த நாவிடோகிளாக்ஸ் என்ற மருந்து பி.சி.எல்-எக்ஸ்.எல்லையும் சேர்த்து அடைத்தது. கொடுத்ததும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கின. தட்டணு உயிரோடு இருப்பதே பி.சி.எல்-எக்ஸ்.எல் தயவில்தான். பிறகு மருந்தின் அமைப்பை மாற்றி, பி.சி.எல்-2-வை மட்டும் பிடிக்குமாறு செய்ததுதான் அப்பா சாப்பிடப் போகும் மாத்திரை. எம்.சி.எல்-1-ஐ அடைக்கும் மருந்துகளோ சோதனையில் இதயத் தசைக்குச் சேதம் வருமோ என்ற அச்சத்தில் தடைப்பட்டன. நோய்ச் செல் சாவிலிருந்து தப்ப எடுத்துக்கொண்ட ஆயுதங்கள் எல்லாம் நல்ல செல் தினமும் பயன்படுத்துபவை. இந்தத் துறையில் எங்களைத் தூங்கவிடாத சிக்கல் இதுதான்.


வடக்குவாசல்
வியாழன், அதிகாலை 2:20

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

என் அம்மாவுக்கு ஏ.எம்.எல்., தீவிர வகை ரத்தப் புற்று. வயது 73. பலமான கீமோ தாங்க மாட்டார் என்று அசாசிட்டிடின் ஊசியும் இதே வெனிடோகிளாக்ஸும் கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் எலும்பு மஜ்ஜையில் நோய் இல்லை என்று அறிக்கை வந்தது. வீட்டுக்கு வந்து முறுக்கு சுட்டார். பேத்தியின் காதுகுத்துக்கு மாவிளக்கு அவரே போட்டார். பத்தாவது மாதம் நோய் திரும்பியது, பன்னிரண்டாவது மாதம் போய்விட்டார். அதே மாத்திரை, ஒரு வேளை கூடத் தவறவில்லை, நானே எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது எதுவுமே கேட்கவில்லை. ஏதாவது நான் விட்டுவிட்டேனா என்ற எண்ணம் போக மாட்டேன் என்கிறது.


குறிஞ்சி
வியாழன், காலை 6:15

அண்ணா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் விடவில்லை.

2020-ல் வெளியான பெரிய சோதனையில் உங்கள் அம்மா மாதிரி நோயாளிகளுக்கு இதே இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாதிப்பேர் 14.7 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். ஊசி மட்டும் போட்டவர்களில் அது 9.6 மாதம். கூடியது ஐந்து மாதம். மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தவர்கள் வீட்டிலும் நோய் திரும்பியிருக்கிறது.

ஏன் திரும்புகிறது? ஒரு செல் பி.சி.எல்-2-வை நம்பி இருந்தவரை மருந்து கேட்கிறது. நோய்க் கூட்டத்தில் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இல்லை. சில செல்கள் தொடக்கத்திலிருந்தே எம்.சி.எல்-1-ஐ நம்பி வாழ்பவை. ஏ.எம்.எல்.லில் மோனோசைட் என்ற வெள்ளையணுவின் சாயல் உள்ள செல்கள் அப்படிப்பட்டவை. மற்றவை எல்லாம் செத்த பிறகு மிச்சம் அவைதான், காலியான இடத்தை அவை நிரப்புகின்றன. பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டோம், கோழியை வேறொரு பஞ்சாரம் பிடித்துக்கொண்டது.

சி.எல்.எல்.லில் இன்னொரு வழியும் பார்த்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் இடைவிடாமல் மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு, பி.சி.எல்-2 புரதத்தின் 101-வது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் என்ற இன்னொன்று வந்துவிட்டது. ஒரே ஓர் எழுத்து மாறியதில் பள்ளத்தின் வடிவம் லேசாக மாறுகிறது. மருந்து உட்கார முடியவில்லை, பிம் மட்டும் பழையபடி உட்காருகிறது. மெல்போர்ன் குழுதான் இதையும் கண்டுபிடித்தது. இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இன்னொரு வகை, மரபணு எதுவும் மாறாமலே தாங்கி நிற்கும் செல்கள். 2010-ல் நுரையீரல் புற்றுச் செல்களில் பார்த்தார்கள். மருந்தில் கிட்டத்தட்ட எல்லாம் செத்தன, ஆயிரத்தில் மூன்று போல மிஞ்சின. மருந்தை எடுத்துவிட்டு வளர்த்தால் அவற்றின் வாரிசுகள் மறுபடி மருந்துக்குச் சாகின்றன. அப்படியானால் அது நிரந்தர எதிர்ப்பு இல்லை, பதுங்கல். பாக்டீரியாவில் இதை 1944-லேயே ஜோசஃப் பிகர் என்பவர் பென்சிலினை வைத்துக் காட்டிவிட்டார். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதும் பெரும்பகுதி இந்தப் பதுங்கிகளுக்காகத்தான். பதுங்கும் புற்றுச் செல்களுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. இரும்பு முன்னின்று சவ்வின் கொழுப்பை அரிக்கிற வேறொரு சாவு உண்டு, ஃபெரோப்டோசிஸ் என்று 2012-ல் பேர் வைத்தார்கள். அதைத் தடுக்கும் ஜி.பி.எக்ஸ்-4 என்ற நொதியை இந்தச் செல்கள் ரொம்பவே நம்பியிருக்கின்றன. அந்தக் கதவைத் தட்டும் மருந்து இன்னும் நோயாளி கைக்கு வரவில்லை. என் வேலை அந்தப் பக்கம்தான்.


வடக்குவாசல்
வியாழன், காலை 7:05

இரண்டு முறை படித்தேன். நன்றி அம்மா. அந்தப் பத்து மாதமும் அவர் அவராகவே இருந்தார்.


நுண்ணோக்கி
வியாழன், காலை 9:40

தங்கச்சி, இதையெல்லாம் படித்து மனசு கலங்க வேண்டாம். ஏ.எம்.எல். வேறு, அப்பா நோய் வேறு.

இன்னொன்று. ஊசி மருந்தும் சேர்த்துக் கொடுப்பது, இரண்டு வருஷம் என்று கெடு வைத்து நிறுத்துவது எல்லாம் இந்தத் தப்பிக்கும் செல்களை நினைத்துத்தான் என்று எங்கள் டாக்டர் சொல்வார். வருஷக்கணக்கில் ஒரே மருந்தின் அடியில் வைத்திருந்தால் மாறிய செல் தலையெடுக்கும். இரண்டு பக்கமும் அடித்து, பத்தாயிரத்தில் ஒரு நோய்ச் செல் கூடத் தட்டுப்படாத அளவுக்குக் குறைத்து, அப்புறம் நிறுத்திப் பார்ப்பது. திரும்பினால் அதே மருந்துக்கு மறுபடி கட்டுப்படுபவர்கள் நிறையப் பேர். அந்தப் பத்தாயிரத்தில் ஒன்று கணக்கை நாங்கள் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ மிஷினில் பார்ப்போம். தகட்டில் கண்ணுக்குத் தெரியாது.


செங்காந்தள்
நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:30

எல்லோருக்கும் தகவல் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

மதகு கதையைச் சொன்னதும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சொம்பில் தண்ணீர் அளந்து குடிக்க ஆரம்பித்துவிட்டார். சுவரில் கரியால் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறார். முதல் நாள் 20-லேயே யூரிக் அமிலம் 8.1 வரை ஏறியது, இரவெல்லாம் சலைன் ஓடியது, மறுநாள் இறங்கிவிட்டது. வெறும் 20-க்கே இப்படி என்றால் 400 கொடுத்திருந்தால் என்று நினைத்துக் கை நடுங்கியது. நேற்று 200 தொடங்கினார்கள். வெள்ளையணு 11,200. பொட்டாசியம் 4.4. கழுத்துக் கட்டி விரலுக்குத் தட்டுப்படவில்லை, நான் தினம் தடவிப் பார்க்கிறேன்.

குணமாகுமா என்று இப்போது கேட்பதில்லை. இரண்டு வருஷம், அப்புறம் அந்தப் பத்தாயிரத்தில் ஒன்று சோதனை. அதுவரை போவோம்.

மருந்தறை, ஒரு கேள்வி. கிரேப் ஃப்ரூட் கூடாது என்று சீட்டில் இருக்கிறது. எங்கள் ஊரில் அது கிடையாது. கொல்லையில் பம்ப்ளிமாஸ் மரம் இருக்கிறது, அப்பாவுக்கு உயிர். அதைக் கொடுக்கலாமா? கடாரங்காய் ஊறுகாயும் ஒரு ஜாடி கிடக்கிறது.


மருந்தறை
ஞாயிறு, மாலை 5:15

இரண்டும் வேண்டாம் அக்கா. பம்ப்ளிமாஸ் கிரேப் ஃப்ரூட்டுக்குத் தாய் மாதிரி. இந்த மருந்தை உடைக்கும் ஈரல் நொதியை முடக்கும் சத்து அதிலும் இருக்கிறது. கசப்பு ஆரஞ்சும் நட்சத்திரப் பழமும் தடைப் பட்டியலிலேயே உண்டு. கடாரங்காய் அதே குடும்பம் என்பதால் அந்த ஜாடியை மூடியே வையுங்கள். சளி, காய்ச்சல், பூஞ்சைத் தொற்று என்று வேறு யாரிடம் காட்டினாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துகளும் அதே நொதியைத்தான் முடக்கும்.

வாழைப்பழம், பப்பாளி, கொய்யா தாராளமாகக் கொடுக்கலாம். பொட்டாசியம் ஏறியிருந்தால் மட்டும் வாழைப்பழத்துக்கு டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை 400. சொம்புக் கோடு குறையக் கூடாது என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.